நான்கு அமைப்புகள், ஒரு நோட்டு: முதியோருக்காகச் சேர்ந்து வேலை செய்வது எப்படி?

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் லயன்ஸ் சங்கம், கோயிலை ஒட்டிய ஓர் அன்னதான அறக்கட்டளை, பள்ளிவாசல் ஜமாத்தின் உதவிக் குழு, வீடு தேடிப் போய் மருத்துவம் பார்க்கும் சிறு தொண்டு நிறுவனம் என நான்கு அமைப்புகள் முதியோருக்கு ஏதாவது செய்துகொண்டிருக்கின்றன. சேர்ந்து செய்தால் நல்லது என்று எல்லோருமே சொல்கிறார்கள். ஒரு கூட்டமைப்பைப் பதிவு செய்து, பொதுவான வங்கிக் கணக்கு தொடங்கி ஆரம்பிக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

பதிவு இப்போதைக்கு வேண்டாம். வங்கிக் கணக்கும் வேண்டாம். முதலில் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

தென் மாவட்டத்தில் உங்கள் ஊரைப் போன்ற ஒரு சிறு ஊரில் பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நாங்கள் ஆரம்பித்தபோது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். ஒரே மார்கழியில் அவருக்கு மூன்று போர்வை வந்து சேர்ந்தது, மூன்று அமைப்புகளிடமிருந்து. எல்லோரும் போகிற வழியில் அவர் வீடு. யார் வந்தாலும் முகம் மலர்ந்து பேசுவார். அதே ஊரில், காலனிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில், இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுத்தே கிடந்த ஒரு தாத்தாவை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்து போய்ப் பார்த்தபோது முதுகுப் புண்ணில் விரல் நுழையும் ஆழம் இருந்தது. அவர் மகள் காலையில் ஒரு சட்டி கஞ்சியும் தண்ணீரும் எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு நூறு நாள் வேலைக்குப் போய்வருவார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வேலைக்குப் போகாவிட்டால் அந்தக் கஞ்சியும் இல்லை.

இத்தனை அமைப்புகள் இருந்தும் அந்தத் தாத்தாவை யாரும் பார்க்கவில்லை என்றால், அது பணப் பற்றாக்குறை அல்ல, மனக் குறையும் அல்ல. எல்லோருமே கண்ணில் பட்டவர்களுக்குச் செய்தோம். நீங்கள் சேர்வது எதற்காக என்றால், கண்ணில் படாதவர்களைத் தேடிப் பிடிப்பதற்காக. இதை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் மற்ற விஷயங்களில் குழப்பம் குறையும். இல்லையென்றால் நான்கு பேர் சேர்ந்து அதே பாட்டிக்கு இன்னும் பெரிய போர்வையாகக் கொடுப்பீர்கள், அவ்வளவுதான்.

முகாம்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சேர்ந்து செய்வது என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மருத்துவ முகாம்தான். அமைப்புகள் கைகோத்து முதியோருக்குச் செய்த வேலைகளில் தமிழ்நாட்டில் பெரிய முன்னுதாரணம் கண் முகாம்தான் என்பதும் உண்மை. 1976-இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் முகாம்களில் வேலைப் பிரிவினை தெளிவானது. இடம், விளம்பரம், ஆட்களைத் திரட்டுவது எல்லாம் ரோட்டரி, லயன்ஸ் போன்ற உள்ளூர் அமைப்புகளின் பொறுப்பு. மருத்துவர், கருவி, அறுவை சிகிச்சை எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. யாரும் யார் வேலையிலும் தலையிடுவதில்லை. கண்புரையால் பார்வை போன லட்சக்கணக்கான பெரியவர்களுக்குப் பார்வை திரும்பியது இப்படித்தான்.

ஆனால் அரவிந்த் மருத்துவமனைக்காரர்களே பிற்பாடு கிராமங்களுக்குள் போய் ஆராய்ந்து பார்த்தபோது, கண்ணில் பிரச்சினை உள்ளவர்களில் பத்தில் ஒருவர்கூட முகாமுக்கு வந்திருக்கவில்லை என்று தெரியவந்தது. இலவசம்தான், பக்கத்து ஊர்தான், இருந்தும் வரவில்லை. பயம், போக்குவரத்துச் செலவு, துணைக்கு ஆள் இல்லாதது, ‘இந்த வயசுல எனக்கெதுக்கு’ என்கிற நினைப்பு. இதைக் கண்டபிறகுதான் கிராமத்துக்கு அருகிலேயே நிரந்தரமாக இருக்கும் சிறு கண் பரிசோதனை மையங்களை நோக்கி அவர்கள் நகர்ந்தார்கள். அவ்வளவு அனுபவமும் நல்ல பெயரும் உள்ள இடத்துக்கே இந்த நிலை என்றால், நீங்களும் நானும் நடத்தும் முகாமுக்கு யார் வராமல் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முகாம் நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முகாம் முடிந்த மறுநாள், வராதவர்களின் வீட்டுக்குப் போக ஆள் வைத்திருக்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி.

சரி, நோட்டுக்கு வருகிறேன். ஊரைத் தெருத் தெருவாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அமைப்புவாரியாக அல்ல. ஒவ்வொரு தெருவுக்கும் அந்தத் தெருக்காரர் ஒருவரும் வேறு அமைப்பைச் சேர்ந்த ஒருவரும் சேர்ந்து போகட்டும். ஜமாத்துப் பையனும் அன்னதானக் குழு அண்ணனும் ஒரே வண்டியில் போனாலே பாதிக் கூட்டமைப்பு உருவாகிவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர், வயது, யாரோடு இருக்கிறார், நடமாட்டம் எப்படி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், ஓ.ஏ.பி. (அரசின் முதியோர் உதவித்தொகை) வருகிறதா, ரேஷன் யார் வாங்குகிறார்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. சாதி, மதம் எழுத இடமே வைக்காதீர்கள். எங்கள் நோட்டில் கடைசியாக ஒரு வரி இருக்கும்: ‘இந்த வீட்டுக்கு யார் பொறுப்பு?’ அதில் அமைப்பின் பெயர் வரக் கூடாது, ஓர் ஆளின் பெயர்தான் வர வேண்டும். அன்னதானம் ஒரு அமைப்பு தரலாம், மாத்திரை இன்னொரு அமைப்பு தரலாம். ஆனால் அந்தப் பெரியவருக்கு ஒரே ஒரு ஆளின் பெயரும் போன் நம்பரும் தெரிந்திருந்தால் போதும். நான்கு அமைப்புகளின் போன் நம்பர் அட்டைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் இரவெல்லாம் வலியில் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். தனியாக இருக்கும் மூதாட்டி, வீடு இன்ன இடம், மகன் வெளியூர் என்ற தகவல் தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நோட்டு ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். எழுதும் முன் அந்தப் பெரியவரிடம் ‘எழுதிக்கலாமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களிடம் எழுதாமலே போய்ப் பேசிவிட்டு வரலாம். மூன்றாவது முறை அவர்களே சொல்வார்கள்.

வீட்டில் படுத்திருப்பவர்களுக்கான வேலையை எப்படி அமைப்பது என்பதற்குக் கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் சேர்ந்து வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் புற்றுநோயாளிகள்தான். நோயாளி மருத்துவமனைக்கு வர வேண்டியிருந்தது. வர முடியாதவர்களுக்கு என்ன வழி என்ற கேள்வியிலிருந்துதான், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலப்புறம் பகுதியில் சில தொண்டு அமைப்புகள் சேர்ந்து அண்டை அயலார் வலைப்பின்னல் ஒன்றை உருவாக்கின. பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், ஆசிரியர், கல்லூரி மாணவர் எல்லாம் சில நாள் பயிற்சி பெற்றுத் தன்னார்வலர் ஆனார்கள். வீட்டில் கிடப்பவரைக் கண்டுபிடிப்பது அவர்கள். புண் கட்டுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது நர்ஸ். வலி மருந்து தீர்மானிப்பது மருத்துவர். அரிசி இல்லாத வீட்டுக்கு அரிசி ஏற்பாடு செய்வது மறுபடியும் தன்னார்வலர். பணம் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களின் சிறு சிறு நன்கொடை. புற்றுநோயில் தொடங்கியது பக்கவாதம், முதுமைத் தளர்ச்சி, நீண்டகால நோய்கள் என்று விரிந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. இன்று அங்கே உள்ளாட்சிகள் வழியாக வீட்டுக்கு நர்ஸ் போகிறார்.

மலப்புறத்து வலைப்பின்னலில் எனக்குப் பிடித்த விஷயம் வரிசைமுறை. ஊர் ஆட்கள் முதலில், நர்ஸ் அடுத்து, மருத்துவர் அப்புறம், அரசாணை கடைசி. நாம் தலைகீழாக, அரசாணையோ பெரிய நன்கொடையோ வரட்டும் என்று காத்திருக்கிறோம். உங்கள் ஊரில் வீட்டு மருத்துவம் செய்யும் அந்தச் சிறு நிறுவனம்தான் நால்வரில் முக்கியம் என்று நினைக்கிறேன். அதன் நர்ஸ் ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை வீடு போக முடியும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற மூன்று அமைப்புகளும் அவருக்கு வண்டி, பெட்ரோல், பஞ்சு, கையுறை, கூடவே போக ஓர் ஆள் என்று கொடுத்தால் அந்த எண்ணிக்கை கூடும். படுக்கைப்புண்ணில் பெரும்பகுதி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால் வராமலே தடுக்கக்கூடியது. அதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க மருத்துவர் தேவையில்லை.

பணத்தை ஏன் பொதுவில் போட வேண்டாம் என்கிறேன்? முதல் காரணம் சட்டம். உங்களில் எந்த அமைப்பாவது வெளிநாட்டு நன்கொடை பெறுகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப் பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதற்குத் தடை இருக்கிறது. உள்நாட்டுப் பணத்திலும், வருமான வரி விலக்கு பெற்ற ஓர் அறக்கட்டளை இன்னொரு அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடையில் 85 சதவீதம் மட்டும்தான் அறப்பணிச் செலவாகக் கணக்கில் வரும் என்று 2023-இல் விதி மாற்றினார்கள். ஆகவே ஆடிட்டரைக் கேட்காமல் ரூபாயைக் கைமாற்றாதீர்கள். அரிசியையும், வண்டியையும், நர்ஸின் செவ்வாய்க்கிழமைகளையும் பகிர்ந்துகொள்ளுங்கள். அவரவர் செலவு அவரவர் கணக்கில் இருக்கட்டும். இரண்டாவது காரணம் உங்களுக்கே தெரியும். பொதுக் கணக்கு வந்த நாளிலிருந்து கூட்டத்தில் முதியோரைப் பற்றிப் பேச்சு நின்று, கையெழுத்து யார் போடுவது என்ற பேச்சு ஆரம்பிக்கும்.

பிற்காலத்தில் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி கேட்க நினைத்தால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் முதியோர் இல்லம், பகல்நேர மையம் போன்றவை இடம்பெற்றிருக்கின்றன. அதற்கு நால்வரில் ஓர் அமைப்பு சி.எஸ்.ஆர்-1 என்ற அரசுப் படிவத்தில் பதிவு செய்திருந்தால் போதும். அதற்காகவும் புதுக் கூட்டமைப்பு தேவையில்லை.

அரசு செய்வதை நாம் திரும்பச் செய்ய வேண்டாம் என்பதும் முக்கியம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையை நீங்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வர வேண்டும். இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் அதில் உண்டு. மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர் அக்காவை உங்கள் மாதக் கூட்டத்துக்கு அழையுங்கள். ஊரில் எந்த வீட்டில் யார் எப்படி இருக்கிறார் என்பது நம் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும். அந்த இடுப்பு முறிந்த தாத்தாவை எங்களுக்குக் காட்டியவர்கூட ஒரு கிராமச் செவிலியர்தான். நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை.

முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. நீங்கள் மாதம் 500 ரூபாய்க்கு மளிகை கொடுப்பதைவிட, தகுதி இருந்தும் ஓ.ஏ.பி. கிடைக்காத ஒருவருக்கு அதை வாங்கிக் கொடுத்தால் பலன் பெரிது, மாதாமாதம் நிற்காமல் வரும். ஆனால் அது பொறுமை கேட்கும் வேலை. ஆதாரில் பிறந்த வருடம் தப்பாக இருக்கும், விரல் ரேகை தேய்ந்திருக்கும், வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும். ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர், தபால்காரர், வங்கி ஊழியர் யாராவது உங்கள் நால்வரில் கட்டாயம் இருப்பார். வாரம் ஒரு நாள் காலை அவரை மனு எழுத உட்கார வையுங்கள். எங்கள் ஊரில் இந்த ஒரு ஏற்பாடு, நாங்கள் நடத்திய எல்லா விழாக்களையும்விட அதிகம் சாதித்தது.

அப்புறம் சட்டம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்ட பிள்ளைகள் மீதும், சோறு போடாத பிள்ளைகள் மீதும் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. பெரியவரால் தானே போய் மனு கொடுக்க முடியாவிட்டால், அவர் அங்கீகரித்த ஒருவரோ பதிவு பெற்ற ஓர் அமைப்போ அவருக்காகக் கொடுக்கலாம் என்று ஐந்தாவது பிரிவு சொல்கிறது. தொண்டு அமைப்புகளுக்குச் சட்டமே கொடுத்திருக்கும் இந்த இடத்தைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. ஆனால் அவசரப்படாதீர்கள். நான் பார்த்தவரை பத்துப் பெரியவர்களில் ஒன்பது பேர் ‘என் பிள்ளை மேல கேஸ் வேண்டாம்’ என்பார்கள். அவர்கள் சொல்வதற்கு மரியாதை கொடுங்கள். சட்டம் இருக்கிறது என்று மகனுக்குத் தெரிந்தால் போதும் என்ற வீடுகளும் உண்டு. ஊர்ப் பெரியவராக ஒருவர் போய் உட்கார்ந்து பேசினாலே மாறிய வீடுகளும் உண்டு. அடி, உதை என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். 14567 என்ற முதியோர் உதவி எண் காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது. இந்த எண்ணை நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். ஐதராபாத்தில் ஓர் அறக்கட்டளையின் முயற்சியாக ஆரம்பித்து, 2021-இல் நாடு முழுவதற்கும் வந்த சேவை இது.

இப்போது கசப்பான ஒன்று. எங்கள் முதல் கூட்டு முயற்சி ஒரு விழாவில் உடைந்தது. மூத்தோர் தினத்துக்கு எல்லா அமைப்புகளும் சேர்ந்து விழா வைத்தோம். பேனரில் யார் படம் நடுவில், மேடையில் யாருக்கு முதல் பொன்னாடை என்பதில் தொடங்கி, ஓர் அமைப்பு பாதியிலேயே எழுந்து போய்விட்டது. எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அந்த அமைப்பு பார்த்துக்கொண்டிருந்த ஆறு வீடுகளுக்கு அந்த எட்டு மாதமும் யாரும் போகவில்லை. நானும் ‘அவர்கள் வீடுகள்தானே’ என்று இருந்துவிட்டேன். அதில் ஒருவர் இறந்துபோனது எங்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. இன்றுவரை அந்தத் தெரு வழியாகப் போகும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கும். அதற்குப் பிறகு வகுத்துக்கொண்ட ஒழுங்கு இது: கூட்டு வேலைக்குப் பேனர் கிடையாது, மேடை கிடையாது, உதவி பெறுபவரின் முகம் எந்தப் படத்திலும் வரக் கூடாது. அவரவர் அமைப்பின் சொந்த விழாவில் அவரவர் விருப்பம். மாதம் ஒரு மணி நேரம் கூடுவோம், ஒரே கேள்வி: போன மாதம் யாரும் போகாத வீடு எது?

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் நான்கு அமைப்புகளின் கூட்டத்தில் உதவி பெறும் பெரியவர்கள் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம் கரையோரங்களில் நிவாரண வரிசையில் முண்டியடிக்க முடியாமல் பின்தங்கியவர்கள் வயதானவர்கள்தான். அப்போது முதியோருக்காக வேலை செய்யும் ஹெல்ப்ஏஜ் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் அங்கே முதியோர் சுய உதவிக் குழுக்களை அமைத்தது. அறுபது, எழுபது வயதில் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, ஆடு வாங்கி, கருவாடு விற்று, தங்கள் ஊரில் யார் படுத்துக்கிடக்கிறார் என்று தாங்களே போய்ப் பார்த்தார்கள். கடலூர் அருகே தாமரைக்குளத்தில் ஆதரவற்ற முதியோருக்கென்று ஒரு குடியிருப்பையே அந்த அமைப்பு உருவாக்கியது. நம் ஊர்களிலும் நடமாடக்கூடிய பாட்டிகள் நிறையப் பேர். படுத்திருக்கும் இன்னொரு பாட்டியின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழைய கதை பேச அவர்களைவிடத் தகுந்தவர் யார்? இருபது வயதுத் தன்னார்வலர் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். எங்கள் மூன்று போர்வைப் பாட்டி இன்று அந்தத் தெருவில் நான்கு வீடுகளுக்குப் பொறுப்பு. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யாருக்கு எந்த மாத்திரை தீரப்போகிறது என்று அட்டையின் நிறத்தை வைத்துச் சொல்லிவிடுவார்.

நோட்டில் இன்னொரு கட்டமும் வேண்டும். பிள்ளைகள் இல்லாதவர்கள், இருந்தும் வராதவர்கள், தங்கள் இறுதிக் காரியத்தை யார் செய்ய வேண்டும், எரிப்பதா புதைப்பதா, யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பதற்கு. பல பெரியவர்களுக்கு சாவைவிட அனாதைப் பிணமாகிவிடுவோமோ என்ற பயம்தான் பெரிது. எங்கள் ஊரில் ஓர் இந்துப் பெரியவரின் பாடையை ஜமாத்து இளைஞர்கள் நால்வர் சுமந்தார்கள். அவர் சொல்லி எழுதி வைத்த பெயர்களில் இரண்டு அவர்களுடையவை. அந்தக் கட்டத்தை முதல் நாளே நிரப்பப் பார்க்காதீர்கள். நாலைந்து முறை போய்வந்து, ஒரு டம்ளர் காபி அவர் கையால் வாங்கிக் குடித்த பிறகு, ஒருநாள் அவரே பேச்சை எடுப்பார். அப்போது எழுதிக்கொள்ளுங்கள்.